முதல் செவ்வாய்க்கிழமையின் சர்க்கரை

2023 பிப்ரவரி 7 — 274
மார்ச் 7 — 251
ஏப்ரல் 4 — 139
மே 2 — 121
ஜூன் 6 — 118
ஜூலை 4 — 112
ஆகஸ்ட் 1 — 119
செப்டம்பர் 5 — 114
அக்டோபர் 3 — 109
நவம்பர் 7 — 116

மேலே இருப்பவை தொமித்திலா ரெத்தானாவின் வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவுகள். எழுதியவன் நான். எங்கள் ஊர் மில்பா ஆல்தாவின் சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோயாளிகள் சேர்ந்து நடத்தும் 'புது விடியல்' குழுவுக்கு ஒன்பது வருடமாகப் பதிவேடு எழுதுகிறேன். என் மனைவி அந்தக் குழுவில் இருந்தாள். அவள் போன பிறகும் பேனா என்னிடமே இருந்துவிட்டது. அதற்கு முன் முப்பத்தெட்டு வருடம் கள்ளிச் சந்தையில் எடை குமாஸ்தா. இந்தப் பத்து எண்களில் அடித்தல் திருத்தல் கிடையாது. மீட்டர் காட்டியதைத்தான் எழுதினேன். ஆனாலும் ஏப்ரலிலிருந்து உள்ள எட்டும் பொய்.

தொமித்திலாவை எல்லோரும் தோமி என்றுதான் கூப்பிடுவார்கள்; மரியாதைக்கு முன்னால் ஒரு 'தோன்யா', ஆணுக்கென்றால் 'தோன்'. பிறந்தது 1961 ஜனவரி 7. எங்கள் ஊரில் கறியாகச் சமைக்கும் சப்பாத்திக்கள்ளியைப் பயிரிடும் வீட்டில் பிறந்து, கள்ளி பயிரிடும் வீட்டுக்கே வாக்கப்பட்டவள். கணவன் 1998இல் வடக்கே எல்லை தாண்டி வேலைக்குப் போனவன் இரண்டு தடவை பணம் அனுப்பினான், பிறகு இல்லை. ஒரே மகள் வடக்கு எல்லை நகரமான தீஹுவானாவில் தையல் தொழிற்சாலையில் இருக்கிறாள். தோமி சந்தையின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து மடலுக்கு முள் சீவினாள். இடது கையில் மடல், வலது கையில் அகலக் கத்தி. முதலில் ஓரத்தைச் சுற்றி ஒரு வெட்டு, பிறகு முகத்தில் மேலிருந்து கீழே நாலு இழுப்பு, திருப்பிப் போட்டு மறுபடி நாலு. பச்சைத் தோல் கிழியக் கூடாது, ஒரு முள்ளும் மிஞ்சக் கூடாது. நூறு மடலுக்குப் பதினோரு நிமிடம். 2004 ஏப்ரலில் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அவளைவிட வேகமாகச் சீவியவர்கள் இருந்தார்கள். ஆனால் அவள் கூடையைத்தான் உணவகக்காரர்கள் தடவிப் பார்க்காமல் வாங்கிப் போவார்கள்.

அது கண்ணால் செய்கிற வேலை. முள் மயிரைவிட மெல்லியது, வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அவளுக்குச் சர்க்கரை வந்தது 2011இல். அன்றிலிருந்து அவள் பயந்தது ஒன்றுக்குத்தான். கண்.

அதற்குக் காரணம் அவள் அண்ணன் சிரிலோ. 2009இல் அவனுக்கு இன்சுலின் போட ஆரம்பித்தார்கள். ஐந்தாம் மாதம் கண் போயிற்று. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். ஊசி கண்ணைக் குடிக்கும் என்று எங்கள் ஊரில் சொல்லாத வீடு இல்லை. கண்ணும் சிறுநீரகமும் கெட்டுப்போன பிறகுதான் இங்கே ஒருவன் ஊசிக்குச் சம்மதிக்கிறான். அதனால் ஊசி போட்டவன் எல்லோரும் குருடாவதை ஊர் பார்க்கிறது.

மார்ச் 7ஆம் தேதி 251 வந்ததும் அப்போதைய டாக்டர் சொன்னார்: "அடுத்த மாசமும் இருநூறைத் தாண்டினா ஊசிதான், தோன்யா தோமி. மாத்திரை இனிமே தாங்காது."

அன்றே நிலையத்தின் முற்றத்தில் கிரிசெல்டா அவளைப் பிடித்துக்கொண்டாள். கிரிசெல்டா தோமியின் மகளுக்கு ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த உறவு எங்களிடம் கூடப்பிறந்ததைவிட ஒரு படி மேல். கிரிசெல்டாவுக்கும் சர்க்கரை உண்டு. ஒரு வருடமாகப் பச்சை மூடி போட்ட டப்பாவில் மாத்திரை விற்றுக்கொண்டிருந்தாள். உள்ளே கள்ளிப்பொடி, வெந்தயம், ஏதோ ஒரு மஞ்சள் வேரின் சத்து.

"நகரத்துப் பணக்காரிங்க வாரம் ஒரு ஊசி குத்திக்கிறாளுங்களே, பசி அடங்கி, இடுப்பு இளைச்சு, சர்க்கரையும் இறங்கி. அந்த ஊசியில இருக்கிற ஹார்மோன் உன் குடல்லயே இருக்கு, கொமாத்ரே. தூங்கிக்கிட்டு இருக்கு. இது அதை எழுப்பிவிடும், அவ்வளவுதான். ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"என் குடல் தூங்கி நான் பார்த்ததே இல்லடி. ராத்திரி பூரா கத்திக்கிட்டே கிடக்கு."

"சிரிச்சுக்கோ. நான் போன வருஷம் இந்தப் பாவாடைக்குள்ள நுழைய முடியாம இருந்தவ."

"இதுல என்ன இருக்கு?"

"கள்ளி. நம்ம கள்ளிதான், சத்து மட்டும் பிரிச்சு எடுத்தது."

தோமி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காலையில மூவாயிரம் மடல் கைல பிடிக்கிறவளுக்கு நீ கள்ளிய டப்பால அடைச்சு விக்கிற. இந்த ஒண்ணுக்கு நான் ஆயிரத்து அறுநூறு மடல் சீவணும், தெரியுமா?"

ஆனாலும் வாங்கினாள். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். காலை உணவில் எங்கள் தட்டில் இருக்கிற கள்ளியை நாங்கள் மருந்தாக மதிப்பதில்லை. அதுவே மூடி போட்டு, அச்சடித்த காகிதம் ஒட்டி வந்தால் மதிக்கிறோம்.

இனி குழுவின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மாதத்தின் முதல் செவ்வாய் அளவெடுக்கும் நாள். முக்கால்வாசிப் பேருக்கு 130க்குக் கீழே வந்தால் மேலிடத்திலிருந்து சான்றிதழ் வரும். வரவேற்பறையில் நான்கு சான்றிதழ்கள் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கின்றன. ஐந்தாவது சான்றிதழுக்காக எங்கள் ஆட்கள் சனிக்கிழமை மாலையிலிருந்தே பட்டினி கிடப்பார்கள். ஞாயிறும் திங்களும் கள்ளிச் சாறும் வெறும் காபியும்தான். அதற்கு 'செவ்வாய் நோன்பு' என்று பெயர். நோன்பு இல்லாமல் வந்து 200 காட்டுகிறவரைச் சும்மா விட மாட்டார்கள். "ஏன் தோன் செவேரோ, நேத்து யார் வீட்டுக் கல்யாணம்?" என்று வரிசை முழுக்கச் சிரிக்கும். செவ்வாய் மதியம் அதே ஆட்கள் சந்தை வாசலில் மோலே குழம்பில் கோழியை முக்கிச் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு பேர் வரை ஒரு தடவை எண்ணினேன்.

இது எனக்கு முதல் வருடத்திலிருந்தே தெரியும். பதிவேட்டில் பெயர், தேதி, எடை, அளவு என்று நாலு பத்திதான். நோன்புக்குப் பத்தி கிடையாது.

ஏப்ரல் 4இல், முதல் தடவையாக நோன்பு இருந்து வந்த தோமிக்கு 139 காட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டர் ஊசியைத் தள்ளிவைத்தார். கிரிசெல்டா அங்கேயே நாலு டப்பா விற்றாள். நோன்பின் பலனும் டப்பாவின் பலனும் ஒன்றாகக் கலந்துவிட்டது. எது எதனுடையது என்று தோமிக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் விரும்பவும் இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

என் மனைவியின் பழைய மீட்டர் என்னிடம் இருந்தது. மே 18, வியாழன், காலை பத்து மணிக்குச் சந்தையில் தோமியிடம் போய் விரலை நீட்டச் சொன்னேன். விளையாட்டாக நீட்டினாள். 312.

அவள் எண்ணைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"இதை எங்க எழுதப்போறீங்க, தோன் எவோதியோ?"

"எங்கயும் இல்ல. இன்னிக்கு முதல் செவ்வாய் இல்லையே."

"எழுதாதீங்க. ஊசி போட்டுருவாங்க. சிரிலோவுக்கு நான்தான் ரெண்டு வருஷம் சோறு ஊட்டினேன். மேசையில தட்டு எங்க இருக்குன்னு கையால தடவுவான். எனக்கு யாரு ஊட்டுறது?"

"மாத்திரை சாப்பிடுறியா?"

"பச்சை மூடிதான். ஆஸ்பத்திரி மாத்திரை வயித்தைக் கலக்குது, நிறுத்திட்டேன். ரெண்டையும் சேர்த்துச் சாப்பிட்டா குடல் மறுபடி தூங்கிருமாம். கொமாத்ரே சொன்னா."

அந்த 312ஐ என் சட்டைப்பை நோட்டில் எழுதினேன். பதிவேட்டில் எழுதவில்லை. பிறகு ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை ஐந்து முறை அப்படி அளந்தேன்: 298, 341, 305, 366, 352. எல்லாம் நோட்டில் இருக்கிறது, தேதியோடு.

ஆகஸ்டில் டாக்டர் மாறினார். எங்கள் நிலையத்துக்குப் படிப்பு முடித்து ஒரு வருடச் சேவைக்கு வருகிறவர்கள்தான் டாக்டர்கள். ஊர்க்காரர்களின் பெயர் மனதில் பதிவதற்குள் போய்விடுவார்கள். புதிதாக வந்தவர் ஷிமேனா என்ற பெண். இருபத்துநாலு வயது. முதல் கூட்டத்திலேயே பச்சை மூடி டப்பாவை மேசைமேல் வைத்துப் பேசினார்.

"தோன்யா கிரிசெல்டா சொல்றதுல பாதி நிஜம். சாப்பாடு குடலைத் தொட்டதும் குடல் ஒரு ஹார்மோனை அனுப்பும். போதும்னு வயித்துக்குச் சொல்லும், இன்சுலினை விடுன்னு கணையத்துக்குச் சொல்லும். அதை நல்லா வேலை செய்யவைக்க மாத்திரை வேணாம். தட்டுல முதல்ல கள்ளியும் பீன்ஸும், அப்புறம் முட்டையோ கோழியோ, கடைசியா சோள ரொட்டி. மெதுவா மென்னு சாப்பிடுங்க. முடிஞ்சதும் கால் மணி நேரம் நடங்க. சோடாவைத் தொடாதீங்க. இது உதவும், நிஜமாவே உதவும். ஆனா கணையம் ஓஞ்சுபோனவங்களுக்குக் குடல் எவ்வளவு சொன்னாலும் இன்சுலின் வராது. அவங்களுக்கு வெளியில இருந்துதான் குடுக்கணும்."

"அப்போ ஓஞ்சுபோச்சா இல்லையான்னு எப்படித் தெரியும், டாக்டர்?" என்று கேட்டது தோமிதான்.

"மூணு மாசக் கணக்கு காட்டுற ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு. அதை ஏமாத்த முடியாது."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பரிசோதனைக்கான ரசாயனம் ஜூன் முதலே வரவில்லை. வருடம் முடியும் வரையும் வரவில்லை. "உங்க அளவெல்லாம் நல்லாத்தான் இருக்கு, தோன்யா தோமி. நீங்க ஏன் கவலைப்படுறீங்க?" என்று டாக்டர் என் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்.

தோமி ரொட்டியைக் கடைசியில் சாப்பிடத் தொடங்கினாள். சந்தையில் தூக்கு டப்பாவைத் திறந்தால் பீன்ஸ் மேலே, ரொட்டி கீழே. "பாருங்க, மேலிருந்து தோண்டிக்கிட்டே போறேன். ரொட்டி வர்றதுக்குள்ள வேலை நேரம் முடிஞ்சிருது," என்பாள். அந்த வாரங்களில் நான் எடுத்த அளவுதான் 298. இருப்பதிலேயே குறைந்தது. இன்சுலினோடு சேர்த்து அவள் அப்படிச் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதுவதில்லை.

நவம்பர் 9, வியாழன். தோமி கட்டைவிரலை ஆழமாக வெட்டிக்கொண்டாள். ஐம்பது வருடத்தில் அப்படி வெட்டியதில்லை.

"வலது கண்ணுல சிலந்தி நூல் மாதிரி ஒண்ணு ஓடுது," என்றாள். "துடைச்சா போகல. கண்ணை மூடினாலும் இருக்கு."

டாக்டர் ஷிமேனா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விழித்திரையில் ரத்தம் கசிகிறது, நகரத்துக் கண் மருத்துவமனையில் சீக்கிரம் லேசர் வைத்தால் நிறுத்தலாம் என்றார். அனுப்பும் படிவத்தில் 'சர்க்கரைக் கட்டுப்பாடு, கடந்த மாதங்கள்' என்று ஓர் இடம் உண்டு. அதைப் பார்த்துத்தான் யாரை முதலில் கூப்பிடுவது என்று அங்கே முடிவு செய்வார்கள். அதை நிரப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தார். எட்டு மாத அளவை எழுதி, கீழே சராசரி போட்டேன். 118.5.

டாக்டர் எண்களை விரல் வைத்துப் படித்தார்.

"தோன் எவோதியோ, இந்த எண்ணெல்லாம் சரிதானா? 118 இருக்கிறவங்களுக்குக் கண்ணு இவ்வளவு வேகமா கெடாது."

தோமி என்னைப் பார்த்தாள். விரலில் கட்டுப் போட்டிருந்த கையை மடியில் வைத்திருந்தாள். என் சட்டைப்பையில் நோட்டு இருந்தது.

"மீட்டர் காட்டினதைத்தான் எழுதியிருக்கேன், டாக்டர்," என்றேன்.

டிசம்பர் 19ஆம் தேதி மருத்துவமனையிலிருந்து முதல் கடிதம் வந்தது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருப்பதால் சாதாரண வரிசை, முறை வரும்போது தெரிவிக்கப்படும். தோமி வீட்டுக்குப் போய் அதைப் படித்துக் காட்டினேன். "கட்டுப்பாட்டுல இருக்குன்னு அவங்களே சொல்லிட்டாங்க பாரு," என்று அவள் கிரிசெல்டாவிடம் சிரித்தாள். அதற்குள் அவள் கண்ணில் ஓடிய நூல் ஒன்று ஐந்தாகியிருந்தது.

2024 ஜனவரி 23 அன்று நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் ஆறு எண்களையும் தேதி தேதியாகப் படித்தார்.

"இதை நவம்பர்ல ஏன் குடுக்கல?"

  அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'அவசரம்' என்று குறித்துப் புதுப் படிவம் எழுதினார், அன்றே அனுப்பினார். பிப்ரவரியில் நானும் தோமியும் இரண்டு பேருந்து மாறி மருத்துவமனைக்கே போனோம். ஜன்னலில் இருந்தவர் கணினியில் தேடி, ஒரு ஆளுக்கு ஒரு படிவம்தான் ஏறும், பழையது ஏற்கெனவே வரிசையில் இருக்கிறது, கடிதம் வரும் என்றார். நோட்டைக் காட்டினேன். முத்திரை இல்லாத தாளை அவர் வாங்கவில்லை.

ஊசிக்கு அவள் சம்மதித்தது பிப்ரவரி 26. டாக்டரே வீட்டுக்கு வந்து அரை நாள் உட்கார்ந்து பேசினார்.

"சிரிலோவுக்குக் கண்ணு ஊசிக்கு முன்னாடியே போக ஆரம்பிச்சிருக்கும், தோன்யா தோமி. ஊசி தாமதமா வந்துச்சு, அவ்வளவுதான்."

"நீங்க அவனைப் பார்த்தீங்களா?" என்று தோமி கேட்டாள்.

"இல்ல."

"நான் பார்த்தேன்."

ஆனாலும் கையை நீட்டினாள். டாக்டருக்காக நீட்டினாள் என்று நினைக்கிறேன்.

மார்ச் 19, காலை ஏழு இருபது. சந்தையின் மூன்றாவது வரிசையில் வலது கண் மொத்தமாக இருண்டது. கறுப்புத் துணியை மேலிருந்து இறக்கியது போல என்றாள். ஏப்ரல் 11, இடது கண்.

"சொன்னேனா இல்லையா," என்றாள் என்னிடம். கோபமே இல்லை. "சிரிலோவுக்கு அஞ்சு மாசம். எனக்கு ஏழு வாரம்கூட ஆகல."

கசிவு ஊசிக்கு மூன்றரை மாதம் முன்பே தொடங்கியது என்று டாக்டர் சொன்னார். நானும் தேதிகளைச் சொன்னேன். நவம்பர் 9, பிப்ரவரி 26. யாருக்கும் தேதிகள் தேவைப்படவில்லை. ஊர் அறிந்தது ஒன்றுதான்: தோமி பச்சை மூடி சாப்பிட்டாள், 118 இருந்தது, கண் தெரிந்தது. ஊசி போட்டாள், கண் போயிற்று. அதற்குச் சான்று என் பதிவேடு. ஏப்ரல் கடைசிக்குள் குழுவில் மூன்று பேர் இன்சுலினைக் குப்பையில் போட்டார்கள். அதில் ஒருவர் தோன் செவேரோ. அவருக்கு ஏற்கெனவே ஒரு கால் விரல் இல்லை.

"எண்ணெல்லாம் பொய்யப்பா, நான் எழுதினதுதான், பொய்," என்று வரிசையில் நின்று சொன்னேன்.

"ஒன்பது வருஷமா ஒரு எண்கூடத் தப்பா எழுதாத ஆள் நீங்க," என்றார் செவேரோ. "இப்போ அந்தச் சின்ன டாக்டரம்மாவுக்காகப் பேசுறீங்க."

மே மாதக் கூட்டத்தில் கிரிசெல்டாவிடம் பதினேழு டப்பா விற்றுப்போயிற்று. தோமிக்கு ஒன்று இலவசமாகக் கொண்டுபோனாள். கொடுக்கும்போது அழுதாள், அது நிஜமான அழுகைதான். "ஒரு நாள்கூட விடாம சாப்பிட்டியா, கொமாத்ரே? நடுவுல விட்டிருப்ப. விட்டா அது மறுபடி தூங்கிரும்னு சொன்னேன்ல." அவளுடைய கால்கள் கணுக்கால்வரை வீங்கியிருந்தன. அதைப் பற்றி நான் கேட்டேன். வெயில் என்றாள்.

ஐந்தாவது சான்றிதழும் வந்தது, மே முதல் வாரத்தில். போன வருடக் கணக்குக்கு. கண்ணாடி போட்டு மாட்டியாயிற்று.

கடைசிக் கடிதத்தை நான் அவள் வீட்டுக்கு எடுத்துப் போனபோது தோமி வாசலில் உட்கார்ந்து முள் சீவிக்கொண்டிருந்தாள். சந்தைக்காரர்கள் பாவம் பார்த்து இருபது மடல் கொடுத்து அனுப்புகிறார்கள். கத்தியை அவளிடம் கொடுக்க முடியாது என்பதால் உருளைக்கிழங்கு தோல் உரிக்கும் கருவியைக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு மடலையும் சீவிவிட்டு விரல் நுனியால் முழுக்கத் தடவிப் பார்த்தாள். விரல் நுனிகளில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். பதினோரு நிமிடத்தில் நான்கு மடல் முடித்தாள். என்னையறியாமல் கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன்.

"யாரு, தோன் எவோதியோவா? செருப்புச் சத்தம் கேட்டுச்சு."

"மருத்துவமனையில இருந்து கடிதம் வந்திருக்கு, தோமி."

"படிங்க."

படித்தேன். சாதாரண வரிசையில் அவளுடைய முறை வந்திருக்கிறது. ஜூலை 16, காலை எட்டு மணிக்குத் துணைக்கு ஒருவரோடு வர வேண்டும். பார்வை கெடாமல் காக்க இரு கண்களுக்கும் லேசர் வைக்கப்படும். ஜனவரியில் அனுப்பிய படிவத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அவள் மடலைத் திருப்பிப் போட்டாள். "அதுல என் சர்க்கரை எவ்வளவுன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"எவ்வளவு?"

"118.5."

"நல்ல அளவு," என்றாள் தோமி, விரலால் முள்ளைத் தேடிக்கொண்டே.

அந்தக் கடிதம் வந்தது 2024 மே 14.